பதினாறு கட்டத்தில் முளைத்த மீசை

சிவப்புத் தொப்பி, உருண்டை மூக்கு, அதற்குக் கீழே அடர்ந்த மீசை, தோளில் வார் மாட்டிய நீல உடுப்பு. இவ்வளவு சொன்னாலே போதும், வீடியோ கேம் பக்கமே போகாதவர்கூட ‘மரியோதானே?’ என்று கேட்டுவிடுவார். இத்தாலியக்காரர் என்பதால் மீசை வைத்தார்கள் என்றுதான் பலரும் நினைத்துக்கொண்டிருக்கிறோம். நடந்ததோ தலைகீழ். மீசை முதலில் முளைத்தது, இத்தாலியப் பெயர் பிறகு வந்து ஒட்டிக்கொண்டது. மீசை முளைத்ததற்குக் காரணம், அந்த முகத்தில் வாய் வரைய இடம் போதவில்லை.

1981ஆம் ஆண்டின் விளையாட்டு இயந்திரத்தில் மரியோவின் முழு உடம்புக்கும் கிடைத்த இடம் அகலத்தில் 16 கட்டம், உயரத்தில் 16 கட்டம். ஆக மொத்தம் 256. கணக்கு நோட்டில் பென்சிலால் நிரப்பினால் பக்கத்தின் ஒரு மூலையில் அடங்கிவிடும். தலை, கை, கால், ஓட்டம், தாவல் எல்லாமே அதற்குள் வரவேண்டும். வண்ணங்களும் மூன்றுதான். அந்த நெருக்கடிக்குள் உட்கார்ந்து யோசித்தவர்கள் கண்ட உருவங்கள் நாற்பது ஆண்டுகள் கழித்தும் பள்ளிக்கூடப் பைகளிலும் பிறந்தநாள் கேக்குகளிலும் சிரிக்கின்றன. அவை எந்த வழியாக நம்மிடம் வந்து சேர்ந்தன என்று தேடிப் போனால், பழுதான சர்க்யூட், விற்காத சரக்கு, கிடங்குச் சொந்தக்காரர், வழக்கறிஞர், பன்றி என்று எதிர்பாராதவர்களையெல்லாம் வழியில் சந்திக்கிறோம்.

தொடக்கத்தில் உருவம் என்றே ஒன்று கிடையாது. 1972ல் அமெரிக்காவின் அடாரி நிறுவனத்துக்காக ஆலன் அல்கார்ன் செய்த ‘பாங்’ ஆட்டத்தில் ஆட்டக்காரர் ஒரு வெள்ளைக் கோடு, எதிராளி இன்னொரு கோடு. நடுவே துள்ளும் சிறு சதுரம்தான் பந்து. அவர் அமைத்த சர்க்யூட்டில் ஒரு குறை இருந்தது. மட்டைக்கோடு திரையின் உச்சிவரை எட்டவில்லை. அல்கார்ன் அதைச் சரிசெய்யவில்லை. மட்டை எட்டாத இடைவெளி ஒன்று இருந்தால்தான் கைதேர்ந்த இருவர் ஆடும்போது ஆட்டம் முடிவில்லாமல் நீளாது என்று கண்டுகொண்டு அப்படியே விட்டுவிட்டார். இயந்திரத்தின் குறையை ஆட்டத்தின் குணமாக்கிக்கொள்ளும் பழக்கம் அன்றே தொடங்கிவிட்டது.

ஆறு ஆண்டுகள் தள்ளி, ஜப்பானுக்குப் போவோம். டைட்டோ நிறுவனத்தின் டோமோஹிரோ நிஷிகாடோ சுடும் ஆட்டம் ஒன்றை உருவாக்கிக்கொண்டிருந்தார். அதற்கான மின்பலகையும் அவர் கைவேலைதான். எதிரியாக விமானங்களை வைத்துப் பார்த்தார். அவற்றின் அசைவு இயல்பாக வரவில்லை. மனித உருவங்கள் நன்றாக நகர்ந்தன, ஆனால் மனிதர்களைச் சுடும் ஆட்டம் வேண்டாம் என்று முடிவாயிற்று. மிஞ்சியவர்கள் வேற்றுக்கிரகவாசிகள். செவ்வாய்வாசிகளை ஆக்டோபஸ் மாதிரி கற்பனை செய்த ஹெச்.ஜி. வெல்ஸ் அவருக்குக் கைகொடுத்தார். ஆக்டோபஸ், நண்டு, கணவாய் என மீன்சந்தையில் கிடைக்கும் மூன்று உயிர்கள் விண்வெளிப் படையாக மாறின. கால் விரித்த படம் ஒன்று, மடக்கிய படம் ஒன்று. இரண்டே படத்தில் நடை வந்துவிட்டது.

1978ல் வெளியான அந்த ‘ஸ்பேஸ் இன்வேடர்ஸ்’ ஆட்டத்தில் ஐந்து வரிசைகளில் 55 எதிரிகள். உள்ளே இருந்த இன்டெல் 8080 சில்லால் ஒரு நேரத்தில் ஓர் எதிரியைத்தான் நகர்த்த முடிந்தது. ஐம்பத்தைந்தும் உயிரோடு இருக்கும்வரை ஒவ்வொன்றுக்கும் முறை வர நேரமாகும், அதனால் படை ஊர்ந்தே வரும். சுடச்சுட எண்ணிக்கை குறையும். முறை சீக்கிரம் வரும். மிச்சமிருப்பவை வேகமெடுக்கும். கடைசி ஒன்று வெறிபிடித்ததுபோல் ஓடும். அந்த ஆவேசத்தை யாரும் நிரலில் எழுதிவைக்கவில்லை, சில்லின் மெதுவான வேலையே எதிரிக்கு ஒரு சுபாவத்தைக் கொடுத்துவிட்டது. நிஷிகாடோவுக்கு அது பிடித்துப்போனது. கறுப்பு வெள்ளைத் திரையில் வண்ணம் வேண்டும் என்பதற்காகக் கண்ணாடியின் மேல் வண்ணச் செலோஃபேன் பட்டைகளை ஒட்டினார்கள். எதிரிகள் கீழே இறங்கஇறங்க நிறம் மாறியது.

வீட்டுத் தொலைக்காட்சிக்கு வந்த கருவிகளில் நெருக்கடி இன்னும் அதிகம். 1977ல் வந்த அடாரி 2600ன் வேலை நினைவகம் 128 பைட். இந்தப் பத்தியில் உள்ள எழுத்துகளைக்கூட அதில் வைக்க முடியாது. பாங் மாதிரியும் பீரங்கிச் சண்டை மாதிரியும் ஆட்டங்களை மனத்தில் வைத்தே அதைச் செய்திருந்தார்கள். ஆகவே திரையில் சுதந்திரமாக நகரக்கூடியவை ஆட்டக்காரர் இருவர், இரண்டு குண்டுகள், ஒரு பந்து, அவ்வளவே. அதில் ஒரு சாகசக் கதையைச் சொல்லவேண்டும் என்று வாரன் ராபினெட் ஆசைப்பட்டார். கோட்டைகள், டிராகன்கள், வாள், சாவி, கிண்ணம் எல்லாம் வேண்டும். இருந்த இரண்டு உருவ இடங்களும் டிராகனுக்கும் பொருள்களுக்கும் போய்விட்டன. கதாநாயகனுக்கு மிஞ்சியது பந்து.

அதனால் 1980ல் வந்த ‘அட்வென்ச்சர்’ ஆட்டத்தில் மாவீரன் ஒரு சதுரம். கை, கால், முகம் எதுவும் கிடையாது. ஆனாலும் டிராகன் துரத்தும்போது ஆடியவர்களுக்கு அடிவயிறு கலங்கியது. நாம் நகர்த்தினால் நகர்கிறது, நாம் தவறினால் சாகிறது என்ற உறவு ஏற்பட்டுவிட்டால், எஞ்சிய உடம்பை மனம் தானே வரைந்துகொள்ளும். உருவ வடிவமைப்பில் இதைவிடப் பெரிய கண்டுபிடிப்பு வேறு இருக்க முடியாது என்று நான் நம்புகிறேன்.

அதே ஆண்டு ஜப்பானின் நாம்கோ நிறுவனத்தில் டோரு இவாடானி, பெண்களும் ஜோடிகளும் விரும்பி ஆடும் ஆட்டம் ஒன்றைத் தேடினார். சாப்பாட்டைப் பற்றி யோசித்தார். ஒரு துண்டு எடுத்த பீட்சாவும், ஜப்பானிய எழுத்தில் வாயைக் குறிக்கும் சதுர வடிவமும் சேர்ந்து பேக்-மேன் பிறந்தான். அவனுக்கு உடம்பு முழுக்க வாய்தான். துரத்தும் நால்வருக்கும் ஒரே அச்சு, நிறம் மட்டும் வேறு. எந்தப் பக்கம் திரும்பப் போகிறார்கள் என்பதைக் கண்கள் சொல்லிவிடும். நால்வரின் கதையையும் நிறமும் பார்வையும் சுமந்தன.

ஜப்பானில் அந்த நால்வரை ‘மான்ஸ்டர்’ என்றார்கள். 1982ல் வந்த அடாரி 2600 பதிப்புக்காக டாட் ஃபிரை ஆட்டத்தை மாற்றி எழுதியபோது நால்வரையும் ஒருசேரக் காட்ட வழி கிடைக்கவில்லை. ஒருவர் மாற்றி ஒருவராகக் காட்டினார். உருவங்கள் அணைந்து அணைந்து எரிந்தன. கையேடு அவற்றைப் பேய்கள் என்றது, அந்த மினுக்கலுக்குப் பெயர் கச்சிதமாகப் பொருந்திப்போனது. இன்றும் உலகம் அவர்களைப் பேய்கள் என்றே அழைக்கிறது.

‘ஸ்பேஸ் இன்வேடர்ஸ்’ வாரிக் குவித்த பணத்தைப் பார்த்து அதே பாணியில் ஆட்டம் செய்யாத நிறுவனம் அன்று ஜப்பானில் அபூர்வம். கியோட்டோவில் 1889ல் சீட்டுக்கட்டு செய்யத் தொடங்கிய நிண்டெண்டோவும் 1980ல் ‘ரேடார் ஸ்கோப்’ என்று ஒன்றைச் செய்தது. அமெரிக்கக் கிளைக்காகச் சுமார் 3000 இயந்திரங்கள் தயாராயின. கப்பல் ஏறி வந்து சேர்வதற்குள் அந்த மோகம் வடிந்துவிட்டது. ஏறத்தாழ 2000 இயந்திரங்கள் கிடங்கில் தேங்கின. அமெரிக்கக் கிளையின் தலைவர் மினோரு அரகாவா, நிறுவனத் தலைவர் ஹிரோஷி யமவுச்சியின் மருமகன். பெட்டி இருக்கட்டும், உள்ளே ஓட வேறு ஆட்டம் அனுப்புங்கள் என்று மாமனாரிடம் உதவி கேட்டார்.

யமவுச்சி அந்த வேலையை ஷிகெரு மியாமோட்டோ என்ற இளைஞரிடம் கொடுத்தார். அவர் பொறியாளர் அல்லர், தொழில் வடிவமைப்பு படித்த ஓவியர். அனுபவசாலியான குன்பெய் யோகோய் மேற்பார்வை. முதலில் பாப்பாய் கார்ட்டூனை வைத்து ஆட்டம் செய்ய நினைத்தார்கள். உரிமை கிடைக்கவில்லை. ஆகவே முரடன் புளூட்டோவின் இடத்தில் ஒரு கொரில்லா வந்தது, ஆலிவ் ஆயிலின் இடத்தில் ஒரு பெண் வந்தாள். பாப்பாயின் இடத்தில் யாரை நிறுத்துவது?

மியாமோட்டோ கட்டங்களை நிரப்பத் தொடங்கினார். மனிதன் என்று தெரியவேண்டுமானால் முகம் தெரியவேண்டும். முகம் தெரிய மூக்கைப் பெரிதாக்கினார். மூக்குக்குக் கீழே வாயும் உதடும் வரைந்தால் புள்ளிகள் ஒன்றோடொன்று குழம்பும், மீசை வைத்தால் மூக்கும் எடுப்பாகத் தெரியும், வாயும் வரைய வேண்டாம். தாவும்போது முடி பறக்கவேண்டும், ஆனால் அதை அசைத்துக் காட்ட இடமில்லை. தொப்பி போட்டார். ஓடும்போது கை ஆடுவது சட்டையின் நிறத்தில் கரைந்துபோகும். மேலே ஒரு நிறம், கீழே ஒரு நிறம் என்று தோள்வார் உடுப்பு மாட்டினார். தொப்பியும் அந்த உடுப்பும் அணிந்து, கட்டிட வேலை நடக்கும் இடத்தில் ஏணி ஏறி இறங்குகிறவன் தச்சன்தானே! அதுவே அவன் தொழிலும் ஆகிவிட்டது.

இந்த வரிசையைக் கவனியுங்கள். ‘மீசை வைத்த தச்சன்’ என்று முதலில் எழுதிவைத்துக்கொண்டு யாரும் வரையவில்லை. இயந்திரம் எதை மறுத்ததோ, அந்த ஒவ்வொரு மறுப்புக்கும் ஒரு பதில் சொன்னார் மியாமோட்டோ. பதில்களையெல்லாம் கூட்டிப் பார்த்தால் ஓர் ஆள் நின்றான்.

‘டாங்கி காங்’ என்ற பெயரோடு புதிய பலகைகள் அமெரிக்கா போய்ச் சேர்ந்தன. வாஷிங்டன் மாநிலத்தின் டக்விலாவில் இருந்த கிடங்கில் அரகாவாவும் அவர் மனைவியும் சில ஊழியர்களும் உட்கார்ந்து இயந்திரங்களைத் திறந்து கையாலேயே மாற்றிப் பொருத்தினார்கள். நாயகனை அப்போது ஜம்ப்மேன் என்றே அழைத்தார்கள். அந்தக் கிடங்கின் சொந்தக்காரர் மரியோ செகாலி. அவருடைய பெயரை அமெரிக்க ஊழியர்கள் நாயகனுக்குச் சூட்டினார்கள். ஜப்பானில் ஓர் ஓவியர் இட நெருக்கடியால் வரைந்த மீசைக்கு, அமெரிக்காவில் ஒரு கட்டிட உரிமையாளரால் இத்தாலிய வம்சம் கிடைத்தது.

1983ல் ‘மரியோ பிரதர்ஸ்’ வந்தபோது தம்பி லூயிஜி தேவைப்பட்டான். புதிதாக வரைய நினைவகத்தில் இடம் ஏது? மரியோவின் அதே படத்துக்குப் பச்சை பூசினார்கள். ஆட்டம் நடக்கும் இடம் பாதாளச் சாக்கடைக் குழாய்கள் என்பதால் தச்சர் பிளம்பர் ஆனார். லூயிஜி நெட்டையாக, சற்றுப் பயந்தவனாக, தனிச் சுபாவத்தோடு வளர்ந்ததெல்லாம் பிறகு. பிறக்கும்போது அவன் ஒரு வண்ண மாற்றம் மட்டுமே.

அதே 1983ல் ஜப்பானில் ஃபேமிகாம் என்ற வீட்டுக் கருவி வந்தது. அதில் நகரும் உருவத்துண்டு ஒவ்வொன்றுக்கும் மூன்று வண்ணம், ஒரே படுக்கை வரிசையில் எட்டுத் துண்டுகள். 1985ல் அதற்காக வந்த ‘சூப்பர் மரியோ பிரதர்ஸ்’ முழுவதும் 40 கிலோபைட்டில் அடங்கியது. இன்று வாட்ஸ்அப்பில் வரும் காலை வணக்கப் படம் ஒன்று அதைவிடப் பெரிது. மரியோவின் முடி, மீசை, சட்டை, காலணி நான்குக்கும் ஒரே பழுப்பு. வானத்து மேகத்தையும் தரையின் புதரையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், ஒரே படம்தான். வெள்ளை அடித்தால் மேகம், பச்சை அடித்தால் புதர். ஆட்டத்தைச் செய்து முடிக்கும் தறுவாயில், தொடக்கத்திலேயே ஆமைகளைச் சமாளிப்பது புதியவர்களுக்குக் கஷ்டம் என்று தெரிந்து சுலபமான எதிரி ஒன்றைச் சேர்த்தார்கள். மிச்சமிருந்த இடத்தில் ஒரு படம்தான் வைக்க முடிந்தது. அதையே இடம்வலமாகப் புரட்டிப் புரட்டிக் காட்டியதில், கூம்பா என்ற அந்த எதிரியின் தள்ளாட்ட நடை பிறந்தது.

மற்றவர்களும் இதே கருவியோடு மல்லுக்கட்டினார்கள். 1986ன் ‘டிராகன் குவெஸ்ட்’டில் நாயகனுக்குப் பக்கவாட்டுப் படமும் முதுகுப் படமும் வைக்க இடமில்லை. எந்தப் பக்கம் போனாலும் நம்மைப் பார்த்தபடியே நண்டு மாதிரி நகர்ந்தான். அதே ஆட்டத்தை வடிவமைத்த யூஜி ஹோரி, சேற்றுக் குவியலாக ஒரு பிராணியைக் கிறுக்கிக் கொடுத்தார். ஓவியர் அகிரா தோரியாமா அதை நீர்த்துளி வடிவமாக்கி ஒரு சிரிப்பும் வைத்தார். ஸ்லைம் என்ற அந்த நீலத்துளி பிற்பாடு ஜப்பானின் செல்லப்பிள்ளை ஆனது. 1987ல் காப்காம் நிறுவனம் ‘மெகா மேன்’ வரைந்தபோது மூன்று வண்ணத்தில் முகம் துலங்கவில்லை. உடம்பை ஒரு துண்டாகவும் முகத்தை இன்னொரு துண்டாகவும் வரைந்து, ஒன்றன்மேல் ஒன்று ஒட்டினார்கள். அவன் நீல நிறம் ஆனதற்கும், அந்தக் கருவியின் வண்ணத்தட்டில் நீலச் சாயல்கள் நிறைய இருந்ததையே காரணமாகச் சொல்கிறார்கள்.

இந்தப் பயணத்தில் என் மனத்துக்கு மிக நெருக்கமான நிறுத்தம் நியூயார்க் மாநிலம். ஜோர்டன் மெக்னர் என்ற இளைஞர் தன் தம்பி டேவிட்டை வெள்ளை உடையில் ஓடவிட்டு, தாவவிட்டு வீடியோ எடுத்தார். அசைவை ஒவ்வொரு சட்டகமாகப் படியெடுத்து ஆப்பிள் 2 கணினிக்குள் கொண்டுவந்தார். அதுதான் 1989ல் வெளிவந்த ‘பிரின்ஸ் ஆஃப் பெர்சியா’. இளவரசன் உண்மையான மனிதனைப் போல ஓடினான், விளிம்பைப் பிடித்துத் தொங்கினான். ஆனால் அந்த அசைவுகள் நினைவகத்தை விழுங்கிவிட்டன. எதிரி ஒருவனை வரைய இடமில்லை. எதிரி இல்லாமல் மாளிகை வெறிச்சென்று கிடந்தது.

கடைசியில் அவர் இளவரசனின் படத்தையே எடுத்தார். அதை ஒரு புள்ளி நகர்த்தி அதன் மேலேயே வைத்து, இரண்டும் ஒத்துப்போகும் இடங்களை அழித்தார். மிஞ்சியது மினுங்கும் ஒரு வெளிக்கோட்டு உருவம். புதிதாக ஒரு படமும் தேவைப்படவில்லை. நிழல் மனிதன் பிறந்தான். ஆட்டத்தில் இளவரசன் ஒரு கண்ணாடியை உடைத்துக்கொண்டு தாவும்போது அவன் பிரிந்து ஓடுகிறான். இளவரசன் குடிக்கவேண்டிய மருந்தைக் குடித்துவிடுகிறான். இறுதியில் எதிரே வாளோடு நிற்கிறான். அவனை வெட்டினால் காயம் நமக்கு. வாளை உறையில் போட்டுவிட்டு அவனை நோக்கி நடந்தால் இருவரும் ஒன்றாகிவிடுகிறார்கள். நினைவகம் தாராளமாக இருந்திருந்தால் மெக்னர் சாதாரணக் காவலாளி ஒருவனை வரைந்து நிறுத்தியிருப்பார், தன்னோடு தானே போராடும் மனிதன் கிடைத்திருக்க மாட்டான்.

1989ல் குன்பெய் யோகோய் கையடக்கமான கேம் பாயைக் கொண்டுவந்தார். பழகித் தேய்ந்து மலிவாகிப்போன தொழில்நுட்பத்தைப் புதிய கோணத்தில் பயன்படுத்துவது அவர் கொள்கை. அகலத்தில் 160 புள்ளி, உயரத்தில் 144 புள்ளி கொண்ட திரை, பச்சை படிந்த நான்கு சாயல்கள். அதற்கு ஆட்டம் செய்த இளைஞர் மசாஹிரோ சகுராய், உண்மையான நாயகனைப் பிறகு வரைந்துகொள்ளலாம் என்று தற்காலிகமாக ஓர் உருண்டையை வைத்தார். இரண்டு கண், ஒரு வாய், குட்டிக் கை கால். ஆடஆட அந்த உருண்டையே பிடித்துப்போய்விட்டது. நிறம் என்ன என்ற கேள்வி எழுந்தபோது சகுராய் இளஞ்சிவப்பு என்றார், மியாமோட்டோ மஞ்சள் என்று நினைத்திருந்தார். திரையில்தான் நிறமே கிடையாதே! 1992ல் அமெரிக்காவில் விற்ற பெட்டியின் அட்டையில் அது வெள்ளையாக அச்சாகி வந்தது.

கெர்பி என்ற அந்த உருண்டையின் பெயர் நம்மை மறுபடியும் கொரில்லாவிடம் அழைத்துப்போகிறது. 1982ல் யுனிவர்சல் திரைப்பட நிறுவனம், டாங்கி காங் எங்கள் கிங் காங்கின் நகல் என்று வழக்குப் போட்டது. நிண்டெண்டோவுக்காக வாதாடிய ஜான் கெர்பி, கிங் காங் கதை யாருக்கும் சொந்தமில்லை என்று யுனிவர்சலே முன்பு ஒரு வழக்கில் வாதாடியதை எடுத்துக்காட்டி வென்றார். நன்றிக்கடனாக அவருக்கு ஒரு பாய்மரப் படகு கிடைத்தது, பெயர் ‘டாங்கி காங்’. உருண்டைக்குப் பெயர் தேடியபோது பட்டியலில் இருந்த ‘கெர்பி’ தேர்வானதில் அந்த வழக்கறிஞரின் நினைவும் கலந்திருந்தது.

இதற்கிடையே ஃபேமிகாமின் சில்லுகளைத் தைவானிலும் சீனாவிலும் நகலெடுக்கத் தொடங்கியிருந்தார்கள். நிண்டெண்டோ கால்வைக்காத நாடுகளுக்கெல்லாம் மரியோவைக் கொண்டுபோனவர்கள் இந்த நகல் வியாபாரிகள். ரஷ்யாவில் 1992ல் ஸ்டீப்லர் நிறுவனம் விற்ற நகலின் பெயர் டெண்டி, அதற்கு ஒரு யானைச் சின்னம். சீனாவில் சுபோர் நிறுவனம் விசைப்பலகை சேர்த்து, பிள்ளைகள் படிக்கும் இயந்திரம் என்று பெற்றோர்களிடம் விற்றது. விளம்பரத்தில் ஜாக்கி சான் வந்தார். அந்தத் தொழிற்சாலையை நடத்திய துவான் யோங்பிங் பின்னர் விலகி 1995ல் பிபிகே நிறுவனத்தைத் தொடங்கினார். நம் ஊர் செல்போன் கடைகளின் நெற்றியில் ஒளிரும் ஓப்போ, விவோ பெயர்ப்பலகைகளின் வேர் அங்கே இருக்கிறது.

தமிழ்நாட்டு வீடுகளுக்கு மரியோ வந்ததும் இந்தக் கொல்லைப்புற வாசல் வழியாகத்தான். தொண்ணூறுகளின் கோடை விடுமுறைகளில் ‘டிவி கேம்’ என்ற பெயரில் அது அறிமுகமானது. கேசட்டை வாயால் ஊதிச் செருகினால் ஓடும் என்ற நம்பிக்கை தெருவுக்குத் தெரு இருந்தது. லட்சக்கணக்கான ஆட்டங்கள் என்று கேசட்டில் அச்சிட்டிருக்கும், உள்ளே ஒரு சில ஆட்டங்களே திரும்பத்திரும்ப வரும். ‘கான்ட்ரா’வில் அண்ணன் நீலக் கால்சட்டை, தம்பி சிவப்புக் கால்சட்டை. படம் ஒன்று, சாயம் இரண்டு, லூயிஜி வந்த அதே வழி. குண்டுகள் அதிகமானதும் ஆட்கள் மினுங்கி மறைவார்கள். டிவி கெட்டுவிட்டது என்று பெரியவர்கள் வயரை ஆட்டிப்பார்த்திருப்பார்கள். ஒரே வரிசையில் எட்டுத் துண்டுகளுக்கு மேல் காட்டத் தெரியாத சில்லு, எல்லோரையும் மாற்றிமாற்றிக் காட்ட அங்கே பாடுபட்டுக்கொண்டிருந்தது. 1994ல் யாரோ ஒரு நகல்காரர் போட்டி நிறுவனத்தின் சோனிக் ஆட்டத்துக்குள் மரியோவை இறக்கிவிட்டு ‘சோமாரி’ என்று பெயர் வைத்தார். எந்த உலகத்தில் கொண்டுபோய் விட்டாலும் மீசையும் தொப்பியும் அடையாளம் சொல்லிவிட்டன.

1996க்குள் முப்பரிமாணம் பரவிவிட்டது. கட்டங்கள் போய், முக்கோணத் துண்டுகளை ஒட்டி உருவம் செய்யும் காலம். பழைய நெருக்கடி வேறு சட்டை போட்டுக்கொண்டு வந்தது. இங்கிலாந்தின் டெர்பி நகரில் டோபி கார்ட் உருவாக்கிய லாரா கிராஃப்டுக்கு நீண்ட பின்னல் உண்டு. முதல் ‘டூம் ரைடர்’ ஆட்டத்தின் கதைக்காட்சிகளில் அதைப் பார்க்கலாம். ஆடும்போதோ பின்னலைச் சுருட்டிக் கொண்டை போட்டுவிட்டார்கள், அசையும் பின்னலைச் சமாளிக்க அன்றைய கருவிக்குத் தெம்பில்லை. அடுத்த ஆண்டு இரண்டாம் பாகத்தில் பின்னல் அவிழ்ந்து முதுகில் ஆடியது. மியாமோட்டோ தொப்பி போட்டு மூடிய முடிக் கணக்கு, பதினைந்து ஆண்டுகள் கழித்து இங்கிலாந்தில் இன்னொரு விடை கண்டது.

சிறு கட்டங்களின் கலை விளையாட்டோடு நிற்கவும் இல்லை. 1984ல் வெளிவந்த ஆப்பிளின் மேக்கின்டாஷ் கணினிக்குச் சூசன் கேர் சிரிக்கும் முகத்தையும் குப்பைத்தொட்டியையும் கட்டத்தாளில்தான் வரைந்தார். நூல்தையலும் மொசைக்கும் தெரிந்தவருக்கு அது அந்நியமாகத் தோன்றவில்லை. 1999ல் ஷிகெடாகா குரிடா டோகோமோ நிறுவனத்தின் கைப்பேசிகளுக்காக 176 எமோஜிகளைச் செய்தார். ஒவ்வொன்றுக்கும் இடம் 12க்கு 12 கட்டம், மரியோவின் இடத்தைவிடக் குறைவு. அவற்றை 2016ல் நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகம் தன் சேகரிப்பில் சேர்த்தது.

இன்று கருவிகளில் இடப்பஞ்சம் தீர்ந்துவிட்டது. மீசையின் ஒவ்வொரு மயிரையும் தனியாக வரைந்து காற்றில் ஆடவிடலாம். அப்படியிருந்தும் நல்ல வடிவமைப்பாளர்கள் பழைய நெருக்கடியைத் தாங்களாகவே தேடிப் போகிறார்கள். 2007ல் வால்வ் நிறுவனம் ‘டீம் ஃபோர்ட்ரெஸ் 2’ செய்தபோது ஒன்பது வீரர்களையும் வெறும் நிழலுருவத்திலேயே பிரித்து அறியும்படி வரைந்தது. ஓட்டத்தின் நடுவே எதிரே வருபவர் யார் என்று கண் ஒரு நொடியில் சொல்லவேண்டும். மனிதக் கண்ணுக்கும் கவனத்துக்கும் எல்லை இருக்கிறது, எந்தச் சில்லும் அதை மாற்றவில்லை. 2009ல் மார்க்கஸ் பெர்சன் ‘மைன்கிராஃப்ட்’டுக்காகப் பன்றி ஒன்றைச் செய்யும்போது நீளத்தையும் உயரத்தையும் மாற்றிப் போட்டுவிட்டார். நெட்டுக்குத்தாக நின்ற அந்தப் பிழை, கிரீப்பர் என்ற பெயரில் அந்த ஆட்டத்தின் அடையாளமாயிற்று. 2014ன் ‘ஷோவல் நைட்’ ஃபேமிகாம் காலத்து விதிகளை விரும்பி ஏற்று, தேவையான இடத்தில் மட்டும் கொஞ்சம் தளர்த்திக்கொண்டது.

புதிதாக உருவம் வரைய வருகிறவர்களுக்கு இந்த நீண்ட பயணம் ஒரு வேலைமுறையையே கையில் கொடுக்கிறது. கருவியால் எது முடியாது என்பதை முதல் நாளே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள், கடைசி வாரத்தில் மன்னிப்புக் கேட்பதற்காக அதை ஒதுக்கி வைக்காதீர்கள். நகரும்போது தெரியவேண்டியதை முதலில் வரையுங்கள், நிற்கும்போது அழகு சேர்ப்பதைப் பிறகு பார்க்கலாம். படத்தைக் கட்டைவிரல் நகம் அளவுக்குச் சுருக்கிப் பாருங்கள், அதிலும் மிஞ்சுவது எதுவோ அதுவே உங்கள் நாயகன். மலிவான கைப்பேசியில் ஆடும் பிள்ளைக்கும் அவன் தெளிவாகத் தெரியவேண்டும் என்ற அக்கறையும் அதில் அடங்கியிருக்கிறது.

2017ல் நிண்டெண்டோ ஸ்விட்ச் கருவிக்கு ‘சூப்பர் மரியோ ஒடிசி’ வந்தது. அதில் மரியோ தொப்பியைக் கழற்றி வீசுகிறார். 1981ல் வரைய முடியாமல் மூடிவைத்த முடி, இழை இழையாகத் தெரிகிறது. வீசிய தொப்பி சில பிராணிகளின் தலையில் விழுந்தால் அவற்றின் உடலுக்குள் மரியோ புகுந்துவிடுவார். தூங்கிக்கொண்டிருக்கும் பெரிய டைனோசர் ஒன்றின் மேல் தொப்பியை எறிந்து பாருங்கள். அது கண் விழிக்கிறது, எழுந்து நிற்கிறது. தலையில் சிவப்புத் தொப்பி, மூக்குக்குக் கீழே கறுத்த மீசை. வாய் வரைய இடமில்லாமல் வைத்த மீசை, பல் தெரிய வாயைப் பிளக்கும் ஒரு ராட்சதப் பிராணியின் முகத்தில் உட்கார்ந்திருக்கிறது. பார்க்கிற குழந்தைக்கு யாரும் எதையும் விளக்க வேண்டியதில்லை. ‘மரியோ!’ என்று கத்துகிறது.